கார் சில நேரம் ஸ்டார்ட் ஆகுது, சில நேரம் ஆகல: அடிக்கடி கேக்குற கேள்விகள்

ஒரேயடியா படுத்துட்ட வண்டிய பாத்துடலாம், அது கஷ்டமே இல்ல. காலைல பட்டுனு எடுத்துட்டு மத்தியானம் மக்கர் பண்ற வண்டி இருக்கு பாருங்க, மெக்கானிக் முன்னாடி கொண்டுபோய் நிறுத்துனா ஒண்ணுமே நடக்காத மாதிரி முதல் சாவிக்கே எடுக்கும், அதுதான் ஆளக் கொல்லும். இந்த மாதிரி வண்டிக்கு ஜனங்க பேட்டரி மாத்துவாங்க, அப்புறம் செல்ஃப் மோட்டார் (இன்ஜின சுத்திவிட்டு எடுக்க வைக்கிற மோட்டார்) மாத்துவாங்க, அப்புறம் பெட்ரோல் பம்ப் மாத்துவாங்க, கடைசில பாத்தா ஒரு எர்த் ஒயர் லூஸா இருந்திருக்கும். ஊகத்துல பார்ட்ஸ் மாத்துறத நிறுத்திட்டு, மக்கர் பண்ற அந்த நிமிஷத்துலயே அளந்து பிடிக்கணும், அதுக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன்.

முதல்ல எத பாக்கணும்?

ஒரே ஒரு விஷயம். ஸ்டார்ட் ஆகாதப்போ செல்ஃப் சுத்துதா சுத்தலையா? "வண்டி ஸ்டார்ட் ஆகல"னு மட்டும் சொன்னா அது பாதி தகவல்தான். செல்ஃப் சுத்தலைன்னா பேட்டரி, ஒயர், செல்ஃப் மோட்டார், சாவி சுவிட்ச், இமொபிலைசர் (சரியான சாவியான்னு பாக்குற திருட்டுத் தடுப்பு) இந்தப் பக்கம் போகணும். செல்ஃப் நல்லா சுத்தி இன்ஜின் பிடிக்கலைன்னா பெட்ரோல், கரண்ட், சென்சார் இந்தப் பக்கம். ரெண்டும் வேற வேற வீடு, ஒண்ணுக்கு இன்னொண்ணுல போய் தேடுனா நாள்தான் வீணாகும்.

அடுத்து போன்லயே குறிச்சு வைங்க. வண்டி சூடா இருந்துச்சா ஆறியிருந்துச்சா, எவ்ளோ நேரம் நின்னுச்சு, டேங்க்ல எவ்ளோ இருந்துச்சு, மழையா, டேஷ்போர்டுல எந்த லைட் எரிஞ்சுது, என்ன சத்தம் வந்துச்சு. முடிஞ்சா வீடியோ எடுங்க, சத்தத்தோட. நாலஞ்சு தடவ குறிச்சீங்கன்னா ஒரு ஒழுங்கு தானா தெரிய ஆரம்பிக்கும், "எப்பயாச்சும் மக்கர் பண்ணுது"ங்கறது "ஓட்டிட்டு வந்து கால் மணி நேரம் நிறுத்துனா மட்டும் மக்கர் பண்ணுது"னு மாறிடும், அப்ப பாதி வேலை முடிஞ்சிருச்சு.

சாவி போட்டா டகடகடகன்னு சத்தம் வருது, சுத்த மாட்டேங்குது. டக்குனு ஒரே ஒரு சத்தம் வந்தா வேறயா?

ஆமா, வேற. டகடகடகன்னு வேகமா அடிச்சு டேஷ்போர்டு லைட்டும் மங்குச்சுன்னா வோல்டேஜ் பத்தல, பேட்டரி டவுன் இல்லன்னா டெர்மினல் சரியா பிடிக்கல. செல்ஃப் மோட்டாருக்கு கரண்ட இணைக்கிற காந்த சுவிட்ச்தான் சோலனாய்டு. அது இழுக்குது, மோட்டார் கரண்ட் கேட்டதும் வோல்டேஜ் விழுது, சோலனாய்டு விட்டுடுது, திரும்ப வோல்டேஜ் ஏறுது, திரும்ப இழுக்குது, அதான் அந்த சத்தம்.

ஒரே ஒரு டக், லைட் மங்காம அப்படியே பிரகாசமா இருக்குன்னா சோலனாய்டு வேலை செய்யுது ஆனா மோட்டாருக்கு கரண்ட் போகல, உள்ள காண்டாக்ட் தேஞ்சிருக்கும் இல்ல கார்பன் பிரஷ் (சுத்துற பாகத்துக்கு கரண்ட் குடுக்குற கரித்துண்டு) தேஞ்சிருக்கும். ஒரு டக் வந்து லைட் சுத்தமா செத்துப் போச்சுன்னா டெர்மினல்ல இருந்து ஆரம்பிங்க. இன்ஜினே ஜாம் ஆகியிருந்தாலும் இப்படி வரும், ஆனா அது ரொம்ப அபூர்வம், அதுல இருந்து தொடங்க வேணாம்.

பேட்டரி நல்லா இருக்கான்னு வீட்லயே எப்படி பாக்கறது?

ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும், இந்த வேலைக்கு அதவிட உபயோகமான சாமான் வேற எதுவும் இல்ல. வண்டிய ராத்திரி பூரா நிறுத்திட்டு காலைல அளங்க. ஓட்டிட்டு வந்த உடனே அளந்தா மேலோட்டமா ஏறியிருக்குற சார்ஜ் ஏமாத்திடும், அவசரமா பாக்கணும்னா ஹெட்லைட்ட ஒண்ணு ரெண்டு நிமிஷம் போட்டு அணைச்சிட்டு கொஞ்சம் விட்டு அளங்க. 12.6 வோல்ட் இல்ல அதுக்கு மேல இருந்தா ஃபுல். 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0னா கால்வாசிதான் மிச்சம். ஏஜிஎம் டைப் (ஆசிட் கண்ணாடி இழைப் பாய்ல ஊறியிருக்குற வகை) பேட்டரின்னா ஃபுல்ல இன்னும் கொஞ்சம் கூட, 12.8 பக்கம் காட்டும்.

ஆனா இது பாதி டெஸ்ட்தான், பலபேர் இதோட நிறுத்திடறாங்க. 12.6 காட்டுற பேட்டரி கூட செத்த பேட்டரியா இருக்கலாம். அதனால மீட்டரோட முனைய பேட்டரி போஸ்ட்லயே (மேல நீட்டிக்கிட்டு இருக்குற ஈயக் கட்டைல) வெச்சுக்கிட்டு இன்னொருத்தர சாவி போடச் சொல்லுங்க. செல்ஃப் சுத்தும்போது வோல்டேஜ் 10க்கு மேல நின்னா நல்ல பேட்டரி, 9.6க்கு கீழ போச்சுன்னா சந்தேகம்தான், 8, 7ன்னு சரிஞ்சா பேட்டரி போச்சு இல்ல சுத்தமா சார்ஜ் இல்ல. ஃபுல்லா சார்ஜ் பண்ணிட்டு திரும்ப இதே டெஸ்ட் பண்ணுங்க, அப்பவும் விழுந்தா மாத்தறத தவிர வழி இல்ல.

பேட்டரிக்கு 3 வருஷம் தாண்டிருச்சுன்னா சந்தேகக் கண்ணோட பாக்கலாம், 5 வருஷம் ஓடுனா அது நல்லா உழைச்ச பேட்டரி. குளிர்லதான் பேட்டரி சாகுதுன்னு நெனைக்கிறாங்க, உண்மைல அத அரிக்கிறது வெயில் சூடு, குளிர்ல அது வெளிய தெரியுது அவ்ளோதான். தினம் சின்னச் சின்ன தூரமா ஓட்டுற வண்டில, ஸ்டார்ட் பண்ண செலவான சார்ஜ் திரும்ப ஏறவே ஏறாது, அதுல புது பேட்டரி கூட சீக்கிரம் போயிடும்.

பேட்டரி புதுசு, மீட்டர்ல நல்லா காட்டுது, ஆனாலும் சில நேரம் செல்ஃப் எடுக்கல. ஏன்?

இந்தக் கேள்விக்குத்தான் நிறைய எழுதணும், ஏன்னா விட்டு விட்டு வர்ற கோளாறுல நெறையப் பேர் கவனிக்காம தாண்டிப் போற இடம் இதுதான். டேங்க் நெறைய தண்ணி இருந்தும் குழாய் அடைச்சிருந்தா தண்ணி வராதுல்ல, அதே கதை. செல்ஃப் மோட்டார் சுத்தும்போது நூறு ஆம்பியருக்கு மேல கேக்கும், பெரிய டீசல்னா இன்னும் பல மடங்கு. அவ்ளோ கரண்ட் போற பாதைல துளி துரு இருந்தாலும் வோல்டேஜ் அங்கயே காணாம போயிடும். லைட், ஹார்ன், ரேடியோ எல்லாம் சில ஆம்பியர்ல ஓடுறதால அதெல்லாம் ஜம்முனு வேலை செய்யும், அதப் பாத்து "பேட்டரி, ஒயர் எல்லாம் ஓகே"னு முடிவு பண்ணிடுவாங்க.

டெர்மினல கையால பிடிச்சு திருப்பிப் பாருங்க, அசையவே கூடாது. வெள்ளையாவோ பச்சை நீலமாவோ பூத்திருந்தா கழட்டி, சமையல் சோடாவ வெந்நீர்ல கரைச்சு ஊத்தி பிரஷ்ஷால தேச்சு, போஸ்ட்டும் அதப் பிடிக்கிற கிளாம்ப்போட உள்பக்கமும் ஈயம் பளபளன்னு தெரியற வரைக்கும் சுத்தம் பண்ணுங்க. வெளிய பாக்க சுத்தமா இருந்தாலும் கழட்டிப் பாக்கணும், ஏன்னா போஸ்ட்டுக்கும் கிளாம்ப்புக்கும் நடுவுல கருப்பா ஒரு மெல்லிசு படலம் உக்காந்திருக்கும், கண்ணுக்கு தெரியாது, அது போதும் வண்டிய நிறுத்த. கழட்டும்போது நெகட்டிவ் முதல்ல, மாட்டும்போது நெகட்டிவ் கடைசில.

அப்புறம் ஒயர். கிளாம்ப்ல இருந்து ஒரு விரல் தூரத்துல ஒயர அமுக்கிப் பாருங்க. அங்க உறை உப்பிப் போயி, அமுக்குனா உள்ள மணல் இருக்குற மாதிரி நறநறங்குதுன்னா, பிரிச்சுப் பாத்தா செம்பு பூரா பச்சைப் பொடியா உதிரும், நாலஞ்சு நரம்புதான் முழுசா இருக்கும். அந்த நாலு நரம்பு ஒருநாள் கரண்ட் கடத்தும், ஒருநாள் கடத்தாது. அதுதான் உங்க "சில நேரம்".

கண்ணால பாத்து முடிவு பண்ணாம அளக்க ஒரு வழி இருக்கு. மீட்டரோட ஒரு முனைய பேட்டரி பாசிட்டிவ் போஸ்ட்ல வைங்க, கிளாம்ப்ல இல்ல, நடு ஈயத்துல. இன்னொரு முனைய செல்ஃப் மோட்டாரோட பெரிய போல்ட்ல வைங்க. செல்ஃப் சுத்தும்போது மீட்டர் 0.5 வோல்ட்டுக்கு கீழ காட்டணும். அதே மாதிரி நெகட்டிவ் போஸ்ட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவுல வெச்சுப் பாருங்க, 0.2, 0.3க்கு மேல போகக்கூடாது. போச்சுன்னா எர்த் கோளாறு. இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல ஒரு பின்னல் பட்டை எர்த் இருக்கும், அது அறுந்தோ துருப்பிடிச்சோ இருக்கான்னு பாருங்க, பெயின்ட் மேல போல்ட் போட்டு இறுக்கியிருந்தாலும் இதே கதைதான். ஜம்பர் கேபிள எடுத்து பேட்டரி நெகட்டிவ்ல இருந்து நேரா இன்ஜின் பிளாக்குக்கு ஒரு கனெக்‌ஷன் குடுத்து சாவி போட்டா உடனே எடுக்குதுன்னா எர்த்துதான்னு உறுதி.

ரெண்டு நாள் நிறுத்துனா பேட்டரி டவுன் ஆகுது, தினம் ஓட்டுனா ஒண்ணும் இல்ல

நிக்கும்போது ஏதோ கரண்ட் தின்னுது. ஒரு 45 ஆம்பியர் ஹவர் பேட்டரிய எடுத்துக்கோங்க. டிக்கில ஒரு 5 வாட் பல்ப் அணையாம எரிஞ்சா அது கிட்டத்தட்ட 0.4 ஆம்பியர், ரெண்டரை நாளைக்குள்ள பாதி பேட்டரி காலி. டிக்கி லைட் எரியுதான்னு தெரிய போன்ல வீடியோ ஓடவிட்டு உள்ள வெச்சு மூடிப் பாருங்க.

சரியா அளக்கணும்னா மீட்டர 10 ஆம்பியர் ஓட்டைல மாத்தி, நெகட்டிவ் ஒயரக் கழட்டி, ஒயருக்கும் போஸ்ட்டுக்கும் நடுவுல மீட்டர போடணும். அப்படி போட்டிருக்கும்போது சாவி திருப்பவே கூடாது, மீட்டர் ஃப்யூஸ் போயிடும். கதவு லாக் எல்லாம் மூடுன நிலைமைல வெச்சு, சாவிய தள்ளி எங்கயாச்சும் வெச்சுட்டு, அரை மணி ஒரு மணி நேரம் விட்டுடுங்க, ஏன்னா இப்ப வர்ற வண்டில கம்ப்யூட்டர் எல்லாம் தூங்கப் போக அவ்ளோ நேரம் ஆகும். அப்புறம் 50 மில்லி ஆம்பியருக்கு கீழ வந்தா பொதுவா பிரச்சனை இல்ல. அதுக்கு மேல நின்னா எந்த சர்க்யூட்னு தேடணும். ஃப்யூஸ ஒண்ணொண்ணா பிடுங்கறத விட, ஃப்யூஸ் தலைல தெரியற ரெண்டு உலோகப் புள்ளிலயும் மீட்டர மில்லிவோல்ட்ல வெச்சுப் பாக்கறது நல்லது, பிடுங்குனா தூங்குற கம்ப்யூட்டர் முழிச்சுக்கும். பூஜ்யம் காட்டாத ஃப்யூஸ்ல கரண்ட் ஓடுது. பிற்பாடு போட்ட கேமரா, அலாரம், ஆம்ப்ளிஃபயர், ஜிபிஎஸ் இதுங்கள முதல்ல சந்தேகப்படுங்க, வண்டியோட வந்த சாமான அப்புறம் பாத்துக்கலாம்.

சார்ஜ் ஏறுதான்னு எப்படி தெரியும்?

இன்ஜின் ஓடும்போது பேட்டரில 13.8ல இருந்து 14.5 வோல்ட்டுக்குள்ள இருக்கணும், லைட், ஏசி எல்லாம் போட்டாலும் ரொம்ப இறங்கக்கூடாது. சில புது வண்டில கம்ப்யூட்டரே சார்ஜிங்க ஏத்தி இறக்கும், அதுல கொஞ்ச நேரம் கம்மியா காட்டுனா பயப்படாதீங்க. 15ஐ நல்லா தாண்டிப் போச்சுன்னா வோல்டேஜ கட்டுக்குள்ள வைக்கிற ரெகுலேட்டர் போச்சு, பேட்டரிய வேகவெச்சிடும்.

இன்ஜின் ஓடும்போது பேட்டரி டெர்மினல கழட்டி "டைனமோ வேலை செய்யுதா"னு பாக்கற பழக்கம் இன்னும் இருக்கு. தயவுசெஞ்சு பண்ணாதீங்க. பேட்டரி இல்லாம ஆனதும் ஆல்டர்னேட்டர் (டைனமோனு சொல்றது இததான்) வோல்டேஜ் சட்டுனு எகிறும், இன்ஜின் கம்ப்யூட்டர் அங்கயே காலியாகலாம்.

செல்ஃப் மோட்டார்தான் போச்சுன்னு எப்படி உறுதி பண்றது?

பேட்டரி ஓகே, பாசிட்டிவ் எர்த் ரெண்டு பக்கமும் வோல்டேஜ் விழல, சாவி போடும்போது சோலனாய்டோட சின்ன ஒயர்ல கிட்டத்தட்ட பேட்டரி வோல்டேஜ் வருது, ஆனா மோட்டார் சுத்தல. இது அத்தனையும் அளந்து பாத்தாச்சுன்னா மோட்டார்தான், சந்தேகமே வேணாம். செல்ஃப் மோட்டார ஸ்பேனர் பின்பக்கத்தால லேசா தட்டிக்கிட்டே சாவி போட்டா எடுக்குதுன்னா பெரும்பாலும் கார்பன் பிரஷ் தேஞ்சுபோயிருக்குனு அர்த்தம். தட்டறது வீடு போய்ச் சேரத்தான், வைத்தியம் இல்ல. தட்டும்போது வண்டி நியூட்ரல்ல, ஹேண்ட்பிரேக் போட்டு இருக்கணும், கை பெல்ட் பக்கம் போகக்கூடாது. கிர்ருனு இரும்போட இரும்பு உரசுற சத்தம் வந்தா பெண்டிக்ஸ் (செல்ஃப் மோட்டார் முனைல இருக்குற சின்ன பல்சக்கரம்) பல்லோ, அது போய் மாட்டுற இன்ஜின் ஃபிளைவீல் பல்லோ தேஞ்சிருக்கு.

சின்ன ஒயர்ல வோல்டேஜே வரலைன்னா மோட்டார குத்தம் சொல்லாதீங்க, அடுத்த கேள்விக்கு வாங்க.

சாவி திருப்பினா டக்கும் இல்ல டிக்கும் இல்ல. லைட் எல்லாம் நல்லா எரியுது

ஆட்டோ கியர் வண்டின்னா 'பி'ல இருந்து 'என்'னுக்கு மாத்திட்டு போட்டுப் பாருங்க, லிவர லேசா ஆட்டிக்கிட்டே போடுங்க. எடுத்துச்சுன்னா கோளாறு நியூட்ரல் சுவிட்ச்ல, கியர் எதுல இருக்குன்னு பாத்து செல்ஃப விடற சுவிட்ச் அது. மேனுவல் கியர்ல பல வண்டில கிளட்ச் முழுசா மிதிச்சாத்தான் செல்ஃப் எடுக்கும், கிளட்ச் பெடல் மேல இருக்குற சுவிட்ச்சோ அதத் தட்டுற சின்ன பிளாஸ்டிக் தக்கையோ உடைஞ்சா செத்த மாதிரி கிடக்கும். பெடல் அடில தரைல பிளாஸ்டிக் துணுக்கு கிடக்கான்னு குனிஞ்சு பாருங்க. பட்டன் ஸ்டார்ட்னா பிரேக் லைட் எரியுதான்னு பாருங்க, பிரேக் சுவிட்ச் போயிருந்தா பட்டன் அமுக்குனாலும் வண்டிக்கு தெரியாது.

ஸ்டார்ட்டர் ரிலேய (செல்ஃபுக்கு கரண்ட் விடற சின்ன சுவிட்ச் டப்பா) அதே நம்பர் இருக்குற வேற ரிலேயோட மாத்திப் போட்டுப் பாக்கலாம், ஹார்ன் ரிலே பல வண்டில அதே சைஸ்தான். இக்னிஷன் சுவிட்ச் தேஞ்சிருந்தா சாவிய கொஞ்சம் கூட இறுக்கித் திருப்பினா எடுக்கும், இல்ல பத்து தடவ திருப்பினா ஒரு தடவ எடுக்கும், சாவிக் கொத்துல கனமா தொங்கவிடறவங்களுக்கு இது சீக்கிரம் வரும்.

இமொபிலைசரயும் மறக்காதீங்க. டேஷ்போர்டுல சாவி படமோ பூட்டு படமோ வேகமா மின்னுதுன்னா வண்டி சாவிய அடையாளம் கண்டுக்கல. சில வண்டில செல்ஃபே எடுக்காது, சில வண்டில எடுத்து ரெண்டு செகண்ட் ஓடி ஆஃப் ஆகும். ஸ்பேர் சாவிய போட்டுப் பாருங்க, அதுல ஒழுங்கா எடுத்துச்சுன்னா பழைய சாவில இருக்குற சிப்தான். ரிமோட் சாவில பேட்டரி தீந்திருந்தா, பெரும்பாலான பட்டன் ஸ்டார்ட் வண்டில சாவிய பட்டன் மேலயே ஒட்டி வெச்சு அமுக்குனா எடுக்கும், ஏன்னா உள்ள இருக்குற சிப்புக்கு பேட்டரி தேவையில்ல. சில வண்டில சாவி வைக்க தனியா ஒரு இடம் இருக்கும், வண்டியோட வந்த புக்ல போட்டிருப்பாங்க.

செல்ஃப் நல்லா சுத்துது, இன்ஜின் பிடிக்க மாட்டேங்குது

முதல்ல காது. ரேடியோ, ஏசி ஃபேன் எல்லாம் அணைச்சிட்டு சாவிய ஸ்டார்ட் வரைக்கும் போகாம ஆன்ல மட்டும் வைங்க, பின் சீட் அடில இருந்து ரெண்டு செகண்ட் ம்ம்ம்னு பெட்ரோல் பம்ப் சத்தம் வரணும். பல வண்டில இது வரும், சிலதுல கதவு திறந்தவுடனே வந்துடும். நல்லா எடுக்குற நாள்ல அந்த சத்தத்த கேட்டு பழகி வெச்சுக்கோங்க, எடுக்காத நாள்ல அது இல்லைன்னா உடனே தெரியும். சத்தம் இல்லைன்னா பம்ப் ஃப்யூஸ், பம்ப் ரிலே, அப்புறம் பம்ப். டேங்க்க அடில கையால தட்டும்போது பம்ப் ஓட ஆரம்பிச்சா அது கடைசி காலத்துல இருக்கு. சத்தம் வர்றதால பிரஷர் சரியா இருக்குன்னு அர்த்தம் இல்ல, அதுக்கு கேஜ் வெச்சுத்தான் பாக்கணும்.

அடுத்து கண்ணு. செல்ஃப் சுத்தும்போது ஆர்பிஎம் முள்ள பாருங்க. நெறைய வண்டில அது லேசா எழும்பும். பூஜ்யத்துல அசையாம கிடந்தா கிராங்க் சென்சார் சிக்னல் வரலைன்னு பலமான சந்தேகம், அந்த சிக்னல் இல்லைன்னா கம்ப்யூட்டருக்கு இன்ஜின் சுத்துறதே தெரியாது, பெட்ரோலும் விடாது ஸ்பார்க்கும் குடுக்காது.

அப்புறம் மூக்கு. பெட்ரோல் வாசனை பலமா வருதுன்னா பிளக் நனைஞ்சிருக்கும். ஆக்சிலரேட்டர முழுசா அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு செல்ஃப் அடிங்க, இன்ஜெக்‌ஷன் வண்டி பலதுலயும் அப்படி பண்ணா கம்ப்யூட்டர் பெட்ரோல நிறுத்திட்டு காத்த மட்டும் உள்ள விடும். எடுத்ததும் கால எடுத்துடுங்க. வாசனையே இல்லைன்னா பெட்ரோல் வரல.

எந்த டெஸ்ட்டா இருந்தாலும் ஒரு தடவைக்கு 10 செகண்டுக்கு மேல செல்ஃப் அடிக்காதீங்க, நடுவுல அரை நிமிஷமாவது ஆற விடுங்க.

ஓட்டிட்டு வந்து நிறுத்தி கொஞ்ச நேரம் கழிச்சு போட்டா எடுக்கல, ஒரு மணி நேரம் விட்டா எடுக்குது

சூட்டுல மட்டும் வர்ற கோளாறு. வண்டி ஓடும்போது காத்து பட்டு ஆறிக்கிட்டே இருக்கும், நிறுத்துனதும் காத்தும் இல்ல, தண்ணியும் சுத்தல, இன்ஜின் சூடு சுத்தியிருக்குற சாமான் எல்லாத்துலயும் ஏறும். அதனாலதான் ஓடும்போது எதுவும் தெரியாம, நிறுத்தி பத்து இருபது நிமிஷத்துல அது உச்சத்துக்கு வருது.

செல்ஃப் மந்தமா முக்கி முக்கி சுத்துனா செல்ஃப் மோட்டார்தான், சைலன்சர் பைப் பக்கத்துல இருக்குற மோட்டார் சூடேறி உள்ள காயில் ரெசிஸ்டன்ஸ் கூடிடும், பாதி தேஞ்ச மோட்டார் அப்ப தாங்காது. செல்ஃப் நல்லா சுத்தி இன்ஜின் பிடிக்கலைன்னா கிராங்க் சென்சார், அதுக்குள்ள இருக்குற காயில் சூட்டுல விரிஞ்சு கனெக்‌ஷன் விட்டுடும், ஆறுனா ஒட்டிக்கும். இந்த வண்டி ஓடிக்கிட்டு இருக்கும்போதே திடீர்னு ஆஃப் ஆகவும் செய்யும், நடு ரோட்டுல, அதனால இத தள்ளிப் போடாதீங்க. இக்னிஷன் காயில், பெட்ரோல் பம்ப் ரிலே சோல்டர் இதுங்களும் இதே மாதிரி சூட்டுல விடும். பழைய கார்புரேட்டர் வண்டின்னா பெட்ரோல் பைப்லயே ஆவியாகி அடைச்சுக்கும், பானட்ட திறந்து ஆற விட்டா சரியாகும்.

மெக்கானிக் கடைக்கு போற வழிலயே ஆறிடும்னா அங்க ஒண்ணும் தெரியாது. அதனால ஓட்டிட்டுப் போய் அங்கயே நிறுத்தி, பானட்ட மூடியே வெச்சு, மக்கர் பண்ற நேரம் வரைக்கும் காத்திருந்து பாக்கச் சொல்லுங்க.

காலைல முதல் தடவ மட்டும் ரொம்ப நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கு

இதுக்கு சுலபமான டெஸ்ட் ஒண்ணு. சாவிய ஆன் பண்ணி ரெண்டு செகண்ட், ஆஃப், திரும்ப ஆன் ரெண்டு செகண்ட், ஆஃப், மூணாவது தடவ ஸ்டார்ட். இப்படி பண்ணா பட்டுனு எடுக்குதுன்னா ராத்திரில பெட்ரோல் லைன் பிரஷர் இறங்கிடுது, பம்ப் உள்ள பெட்ரோல் திரும்பி வராம தடுக்குற செக் வால்வோ, ஒழுகுற இன்ஜெக்டரோ காரணம். இன்ஜெக்டர் ஒழுகுனா ஸ்டார்ட் ஆகும்போது கருப்புப் புகையும் பெட்ரோல் வாசனையும் வரும்.

இன்னொண்ணு கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார். காலைல வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி ஸ்கேனர்ல (வண்டி கம்ப்யூட்டர படிக்கிற கருவி) பாத்தா கூலன்ட் சூடும் உள்ள போற காத்தோட சூடும் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கணும். ஆறுன வண்டில கூலன்ட் 80 டிகிரினு காட்டுச்சுன்னா கம்ப்யூட்டர் இன்ஜின் சூடா இருக்குன்னு நெனச்சு பெட்ரோல கம்மியா விடும். மைனஸ் 40 காட்டுனா சென்சார் ஒயர் அறுந்திருக்கு.

பெட்ரோல் போட்டவுடனே மட்டும் ஸ்டார்ட் ஆக கஷ்டப்படுது

பர்ஜ் வால்வு. டேங்க்ல சேர்ற பெட்ரோல் ஆவிய இன்ஜினுக்கு அனுப்புற சின்ன வால்வு, அது மூடாம திறந்தே மாட்டிக்கிச்சுன்னா பெட்ரோல் போட்டதும் ஆவி பூரா இன்ஜினுக்குள்ள போய் அடைச்சுடும். ஆக்சிலரேட்டர அமுக்கி எடுத்தா எடுக்கும். பங்க்ல தானா கட் ஆனதுக்கு அப்புறமும் வாய் வரைக்கும் ரொப்பறத நிறுத்துங்க, ஆவி பிடிக்கிற கரி டப்பால பெட்ரோலே போயிடும்.

மழை நாள்ல மட்டும்?

பிளக் ஒயர், காயில், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி இதுல வெடிப்பு. ஸ்பார்க்குக்கு போறது 20,000 வோல்ட்டுக்கு மேல, ஈரம் கிடைச்சா பிளக்குக்கு போகாம வெளிய தாவிடும். ராத்திரி இருட்டுல இன்ஜின ஓடவிட்டு பானட்ட திறந்து பாத்தா நீலமா பொறி பறக்கறது தெரியும், கைய மட்டும் கிட்ட கொண்டு போகாதீங்க.

டீசல் வண்டிக்கு என்ன வித்தியாசம்?

ஸ்பார்க் கிடையாது, சூடும் அழுத்தமும்தான். ஆறுன இன்ஜின்ல சிலிண்டர சூடாக்குற ஹீட்டர் பிளக் முக்கியம். காயில் படம் போட்ட லைட் அணையற வரைக்கும் காத்திருந்து செல்ஃப் அடிங்க. நாலுல ஒண்ணு போனாலும் ஸ்டார்ட் ஆகி கொஞ்ச நேரம் உதறிக்கிட்டு வெள்ளைப் புகை விடும், ரெண்டு மூணு போனா எடுக்கறதே கஷ்டம். ஒயரக் கழட்டி ஒவ்வொண்ணுக்கும் ரெசிஸ்டன்ஸ் பாருங்க, பொதுவா ஒரு ஓம் பக்கத்துல வரும், ஒண்ணுமே காட்டலைன்னா அது போச்சு.

ரெண்டாவது, லைன்ல காத்து. ராத்திரி நின்னா டீசல் டேங்க்குக்கே திரும்பிப் போயிடும், காலைல பம்ப் காத்த இழுக்கும். ஃபில்டர் மாத்துன பிறகு இது வந்துச்சுன்னா ஃபில்டர் வாஷர், பைப் கிளிப் பாருங்க, ஒழுகல் வெளிய தெரியாது ஏன்னா அது உள்ள இழுக்குற பக்கம். கண்ணாடி மாதிரி தெரியற பைப்ல குமிழி ஓடுதான்னு பாத்தாலே போதும். ஃபில்டர்ல தேங்குற தண்ணியயும் வடிக்கணும். காமன் ரெயில் வண்டில (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாய்ல இருந்து அழுத்தமா டீசல் போற வகை) செல்ஃப் அடிக்கும்போது ரெயில் பிரஷர் ஏறலைன்னா கம்ப்யூட்டர் இன்ஜெக்டர திறக்காது, பலதுல 200 பார் பக்கம் வரணும், ஸ்கேனர்ல தெரியும். ரிட்டர்ன் லைன்ல அதிகமா விடற தேஞ்ச இன்ஜெக்டர் சூட்டுல எடுக்காம போறதுக்கு பெரிய காரணம்.

ஹீட்டர் பிளக் இருக்குற டீசல்ல ஈதர் ஸ்ப்ரே (ஸ்டார்ட் ஆகறதுக்கு அடிக்கிற, சட்டுனு தீப்பிடிக்கிற ஸ்ப்ரே) அடிக்கவே கூடாது, முன்கூட்டியே வெடிச்சு பிஸ்டனயே உடைச்சிடும்.

எலக்ட்ரிக் கார்ல இந்தப் பிரச்சனை வருமா?

வரும். பெரிய பேட்டரி ஃபுல்லா இருந்தாலும் அத இணைக்கிற சுவிட்ச்சுக்கு கரண்ட் குடுக்கறது சின்ன 12 வோல்ட் பேட்டரி. அது செத்தா வண்டி ரெடி ஆகாது. ஹைபிரிட்டுக்கும் இதேதான்.

ஸ்கேனர் போட்டா காரணம் சொல்லிடாதா?

எந்த சர்க்யூட்னு காட்டும், எந்த பார்ட்னு காட்டாது. பி0335ன்னு கோட் (கோளாறு எண்) வந்தா கிராங்க் சென்சார் சிக்னல்ல கோளாறு, சென்சாராவும் இருக்கலாம், ஒயராவும் இருக்கலாம். பி0340 கேம் சென்சார். பி0230 பம்ப் சர்க்யூட். பி0087 பெட்ரோல் டீசல் பிரஷர் கம்மி. வோல்டேஜ் விழுந்தாலே சம்பந்தமில்லாத கோட் பத்து பன்னெண்டு வரிசையா வரும், அதனால பேட்டரிய சரி பண்ணிட்டு, கோட குறிச்சு வெச்சிட்டு, அழிச்சிட்டு, திரும்ப எது வருதுன்னு பாருங்க. கோடே வரலைன்னா வண்டில ஒண்ணும் இல்லைனு அர்த்தமில்ல, செல்ஃப் ஒயரோட துருவுக்கு கோட் கிடையாது.

ஜம்ப் ஸ்டார்ட் எந்த வரிசைல?

சிவப்பு ஒயர் செத்த பேட்டரி பாசிட்டிவ்ல, மறுமுனை நல்ல பேட்டரி பாசிட்டிவ்ல. கருப்பு நல்ல பேட்டரி நெகட்டிவ்ல, அதோட மறுமுனை செத்த வண்டியோட இன்ஜின் உலோகத்துல, பேட்டரிக்கு தள்ளி. கடைசி கனெக்‌ஷன்ல பொறி வரும், பேட்டரில இருந்து ஹைட்ரஜன் கேஸ் வரும், ரெண்டும் சேரக்கூடாது, அதுக்குத்தான் தள்ளி. நல்ல வண்டிய சில நிமிஷம் ஓடவிட்டு அப்புறம் சாவி போடுங்க. கழட்டறது அப்படியே தலைகீழா. ஹைபிரிட், எலக்ட்ரிக் வண்டில இருந்து கரண்ட் எடுக்கலாமான்னு அதோட வந்த புக்க பாத்துட்டுப் பண்ணுங்க.

தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா?

மேனுவல் கியர்ல, பேட்டரி கொஞ்சமாவது உயிரோட இருந்தா, ரெண்டாவது கியர்ல போட்டு கிளட்ச்ச விடலாம். ஆட்டோ கியர்ல வேலைக்கே ஆகாது. செல்ஃப் நல்லா சுத்தியும் பிடிக்காத வண்டிய தள்ளாதீங்க, எரியாத பெட்ரோல் புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள்ள போய் அதயும் கெடுக்கும்.

மெக்கானிக்கிட்ட என்ன சொல்லணும்?

"பேட்டரி மாத்துங்க", "பம்ப் மாத்துங்க"னு வேலைய நீங்க சொல்லாதீங்க, நடக்கறத சொல்லுங்க. செல்ஃப் சுத்துதா, எப்ப, எவ்ளோ நேரம் நின்னப்புறம், நீங்க அளந்த வோல்டேஜ் என்ன, வீடியோ இருந்தா காட்டுங்க. ஒரு பார்ட்ட மாத்தணும்னு அவர் சொன்னா எத அளந்து அந்த முடிவுக்கு வந்தீங்கன்னு கேளுங்க, நல்ல மெக்கானிக் சந்தோஷமா காட்டுவாரு. கழட்டுன பழைய பார்ட்ட கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க. ஒரு நேரத்துல ஒரு பார்ட்தான், மூணு ஒண்ணா மாத்துனா எதால சரியாச்சுன்னே தெரியாது. ஸ்டார்ட் ஸ்டாப் (சிக்னல்ல நின்னா இன்ஜின் தானா ஆஃப் ஆகி திரும்ப எடுக்குறது) இருக்குற வண்டில பேட்டரி மாத்தறப்போ ஏஜிஎம்மோ, இஎஃப்பியோ (அடிக்கடி ஸ்டார்ட் ஆகறத தாங்குற இன்னொரு வகை), முன்னாடி இருந்த அதே வகைதான் போடணும், சிலதுல புது பேட்டரிய கம்ப்யூட்டர்ல பதிவு பண்ணவும் வேணும்.

எப்ப திரும்பத் திரும்ப சாவி போடவே கூடாது?

பேட்டரி உப்பியிருந்தாலோ அழுகுன முட்டை வாசனை வந்தாலோ கிட்டயே போகாதீங்க, ஜம்பும் பண்ணாதீங்க. பெட்ரோல் தரைல சொட்டுதுன்னா சாவிய எடுத்துட்டு தள்ளி நில்லுங்க. செல்ஃப் அடிக்கும்போது வழக்கமான ஏத்த இறக்க சத்தம் இல்லாம விர்ருனு ஒரே சீரா, வழக்கத்த விட வேகமா சுத்துதுன்னா டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம், அதுக்கு மேல ஒவ்வொரு சுத்துக்கும் பிஸ்டன் வால்வுல இடிக்கிற இன்ஜின்கள் நிறைய இருக்கு. தண்ணி தேங்குன ரோட்டுல ஓட்டி ஆஃப் ஆன வண்டியும் அப்படித்தான், சிலிண்டருக்குள்ள தண்ணி இருந்தா செல்ஃப் அடிச்சதும் கனெக்டிங் ராட் வளைஞ்சிடும், பிளக்க கழட்டி தண்ணிய வெளிய எடுக்காம சாவி பக்கம் கை போகக்கூடாது. இந்த நாலுலயும் வண்டிய கட்டி இழுத்துட்டுப் போறதுதான் சரி.